நகராத கோடு

செப்டம்பர் 3, 2024, செவ்வாய்

புதுச்சேரியிலிருந்து திரவ நைட்ரஜன் வந்தது. இனி இந்தக் கல் கொஞ்சம் அடங்கும்.

சிலிக்கான் கார்பைடு படிகக் கல்லில் ஓர் அணு விடுபட்டுப்போன இடம்தான் என் ஆராய்ச்சி. லேசர் பட்டால் அந்தக் காலி இடம் ஒளிவிடும். ஆனால் சுற்றியிருக்கும் அணுக்கள் வெப்பத்தில் ஓயாமல் அதிர்வதால் ஒளி கலைந்து, திரையில் ஒரு மேடாகத்தான் தெரிகிறது. நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்தால் அதிர்வு குறைந்து, மேட்டின் ஓரத்தில் கூர்மையாக ஒரு கோடு எழ வேண்டும். இதுவரை எழவில்லை.

நாலரைக்கு வேந்தன் கூப்பிட்டான். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். "சாப்ட்டியா? பஸ் ஏறிட்டியா? சரி, பாத்துப் போ." மே மாதம் என்னை நிச்சயம் பண்ணிக்கொண்டு ஆராய்ச்சிக்கு ஜெர்மனி போனவன் பேசுகிற பேச்சா இது?

செப்டம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்து, அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அம்மாவோடு உப்பளத்துக்குப் போனேன்.

"கல்லுக்குள்ள என்னாடி ஆடுது?"

"எல்லாக் கல்லும் உள்ளுக்குள்ள ஆடிக்கிட்டுதாம்மா இருக்குது."

"உங்கப்பனத் தவிர" என்றாள் அம்மா. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வேந்தனும் அப்படித்தானோ என்று திரும்பும் வழியில் தோன்றியது. சிரிப்பு போய்விட்டது.

செப்டம்பர் 17, செவ்வாய்

கோடு! ஊசி மாதிரி. எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே!

என் கைடு சரஸ்வதி மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இத வச்சு வேந்தனோட குரூப்புக்கே கேட்டுடலாம், செல்வி. அவங்களே உன்னக் கூப்டுக்குவாங்க."

போகலாம். நான் அவனிடம் போகலாம்.

அவனிடம் சொன்னேன். "நல்லா பண்ணியிருக்க" என்றான். அவ்வளவுதான். ஆபீஸ் மேனேஜர்கூட இதைவிடக் கொஞ்சம் சந்தோஷமாகப் பாராட்டுவார்.

செப்டம்பர் 18

போனில் ஸ்வெட்டர் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மழை. பஸ் வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று, நைட்ரஜன் தீர்ந்து கல் சூடேறும்போதும் அளந்துகொண்டே இருந்தேன்.

மேடு பரந்தது. கோடு மட்டும் அப்படியே நின்றது. அகலவில்லை, நகரவில்லை, மங்கவில்லை.

கல்லுக்குள்ளிருந்து வரும் ஒளி சூட்டில் நடுங்காமல் இருக்க முடியாது. அப்படியென்றால் — இது வெளியிலிருந்து. எங்கிருந்து?

வராந்தா டியூப்லைட்டை அணைத்தேன். கோடு காணோம்.

உப்புக் காற்று அரித்த இரும்புக் கதவு. அடியில் ஒரு விரல் இடைவெளி. அந்த டியூப்லைட்டைப் போன வாரம்தான் மாட்டினார்கள். டியூப்லைட்டுக்குள் இருக்கும் வாயுவும் இப்படி ஊசிக் கோடு போடும். அதன் வெளிச்சத்தையா நான் கல்லின் ஒளி என்று —

யாருக்கும் தெரியாது. மேடம் கேட்கவும் மாட்டார். சுவிட்சைப் போட்டேன், வந்தது. அணைத்தேன், போனது. எத்தனை தடவை அப்படிச் செய்தேனோ. எனக்கு அவன்கிட்ட போகணும். வேற எதுவும் வேணாம் எனக்கு.

செப்டம்பர் 25

மேடத்திடம் சொல்லிவிட்டேன். "மொதல்ல கதவச் சரிபண்ணணும்" என்றார்.

செப்டம்பர் 26, வியாழன்

பஸ்ஸில் வரும்போது வேந்தனிடம் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

"அது வெறும் டியூப்லைட்டு" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"அப்ப... நீ வர்றது..." என்றான். குரல் நடுங்கியது. இத்தனை மாதத்தில் நான் கேட்டிராத குரல்.

"அழுவுறியா?"

"இல்ல. சளி. இங்க ஒரே குளுரு."

இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். உப்பளத்து ஓரமாகவே திரும்பி நடந்து வந்தேன். சளியாம்!

அக்டோபர் 1, செவ்வாய்

கதவுக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள். நைட்ரஜன் வந்தது. கோடு இல்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாலரைக்கு அவன். "சாப்ட்டியா?"

சாப்பிட்டிருந்தேன். இல்லை என்றேன். இன்னும் கொஞ்சம் பேசட்டும்.