முன்பக்கத்தைத் தொடாதே

ஃப்ளின்ட், மிச்சிகன்
15 பிப்ரவரி 1987

மாப்பிள்ளை வெர்லினுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குகிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் என் தங்கச்சி லோனியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மறு தபாலில் எழுது. கிறிஸ்துமஸ் கார்டில் "நடக்கிறேன்" என்று ஒரே வார்த்தை போட்டிருந்தாள். அதை வைத்து நான் என்ன புரிந்துகொள்ள?

போனில் கேட்கலாம் என்றால் உனக்குக் காது போய்விட்டது. இருபத்துநான்கு வருஷம் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்ததுக்குக் கிடைத்த பரிசு. அவளிடம் பேசினாலோ, "கார்" என்று வாயெடுத்ததும் ரிசீவரை வைத்துவிடுகிறாள். அதனால்தான் இந்த எழுத்து வேலை.

பதினைந்து வருஷமாக நாம் இரண்டு பேரும் பாதிப் பாதியாக வைத்திருந்த வண்டி. கோடை முழுக்க என்னிடம், பந்தயத்துக்கு. எங்கள் ஊர் ரோட்டில் பனி உருக உப்புத் தூவ ஆரம்பிப்பதற்குள் நீ வந்து உன் மலைக்கு ஓட்டிப் போவாய், துருப்பிடிக்காமல் இருக்க. பதினான்கு அக்டோபர் ஒழுங்காகப் போன செவெல் கார். பதினைந்தாவது அக்டோபரில் கொண்டுபோய்ப் பாறையில் சாத்தினாயே, உனக்குக் கண் எங்கே இருந்தது? பக்கத்தில் என் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள் என்பதாவது ஞாபகம் இருந்ததா?

போகட்டும். மே மாசம் டிரெய்லரோடு வருகிறேன். ஏற்றிக்கொண்டு வந்து நானே சரி பண்ணுகிறேன். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் புதிதாகப் போடப்போகிறேன், என்ன போடுவது என்பதும் என் பொறுப்பு. அதுவரை தார்ப்பாயைப் பிரிக்காதே. முன்பக்கத்தைத் தொடாதே.

ரூடி


லாரல் ஃபோர்க், கென்டக்கி
24 பிப்ரவரி 1987

அன்புள்ள மச்சான் ரூடிக்கு,

நீ திட்டியதில் ஒரு வார்த்தைக்குக்கூட நான் பதில் சொல்லப் போவதில்லை. ஓட்டியது நான். உதவி ஷெரீஃப் "வளைவுக்கு மிஞ்சிய வேகம்" என்று எழுதினார். கோர்ட்டில் நின்று ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். ஸ்பீடோமீட்டர் முள் முப்பத்தைந்தில் இருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம், ஆனால் பாறையில் மோதினவன் ஞாபகத்தை யார் நம்புவார்கள்?

லோனி ஊன்றுகோலோடு அடுப்படி வரை போகிறாள். மாடிப்படி பதினான்கு. அதை ஏற முடியாததால் முன்னறைச் சோபாவில்தான் படுக்கை. நான் மேலே தனியாகப் படுக்கிறேன். கீழே ஒரு கட்டில் போட்டு நானும் படுக்கிறேன் என்றேன். "வேணாம். உன் முகத்தப் பாத்தா எனக்கு அந்த வளைவுதான் ஞாபகம் வருது. மெதுவாப் போன்னு சொன்னேன், கேட்டியா நீ?" என்றாள். அதற்குப் பிறகு "உப்பை எடு", "கதவைச் சாத்து" இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. முப்பது வருஷக் கல்யாணம், மச்சான்.

ஆனால் வண்டி விஷயத்தில் நீ சொல்கிறபடி விடமாட்டேன். உனக்குப் பந்தயத்தில் கால் மைல் நேராகப் போனால் போதும். எனக்கு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வீட்டுக்கு வர நாற்பத்தொரு வளைவு. இந்தத் தடவை வளைவுக்கென்றே செய்யப்போகிறேன். முன்னால் கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங், நல்ல ஷாக், பின்னால் ஒரு குறுக்குக் கம்பி. முன்பக்கக் குறுக்குக் கம்பியையும் இன்னும் தடிமனாக மாற்றப் போகிறேன். வளைவில் வண்டியை ஒருபக்கமாகச் சாயவிடாமல் பிடிப்பது அதுதான் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. காட்டலாக்கில் நாலு அளவு போட்டிருக்கிறான். பழைய கம்பியை அளந்துவிட்டு ஆர்டர் கொடுக்கிறேன்.

அன்புடன்
வெர்லின்


ஃப்ளின்ட்
3 மார்ச் 1987

வெர்லின்,

உனக்கு ஒரு தடவை சொன்னால் ஏறாதா? அளக்காதே என்றால் அளக்காதே!

தடிமனான கம்பியாம், பின்னால் வேறு ஒன்றாம். பச்சை விளக்கு எரிந்ததும் மூக்கு எழும்ப வேண்டும், அப்போதுதான் பாரம் பின்னால் இறங்கிச் சக்கரம் ரோட்டைக் கவ்வும். நீ சொல்கிற கம்பியைப் போட்டால் மூக்கை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது பந்தய வண்டியா, பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப்போகிற வண்டியா? வளைவு வளைவு என்கிறாயே, வளைவில் ஓட்டத் தெரியாதவனுக்கு எந்தக் கம்பி போட்டு என்ன பிரயோஜனம்?

அளவு வேண்டுமானால் எனக்கு மனப்பாடம். ஆர்டரை நான் கொடுக்கிறேன். வண்டி நிற்கிற கொட்டகைக்குள் நீ போகவே வேண்டாம். உடைத்தவனுக்குத் தேர்ந்தெடுக்கிற உரிமை கிடையாது.

லோனிக்கு என் அன்பைச் சொல். அம்மா செய்கிற மாதிரி முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டி வைத்துச் சாப்பிட்டேன், அவள் நினைவு வந்தது என்று சொல்.

ரூடி


லாரல் ஃபோர்க்
8 மார்ச் 1987

ரூடி,

லோனியை அவள் சிநேகிதி சர்ச்சுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். நான் போகவில்லை. கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயைப் பிரித்தேன். அஞ்சு மாசமாக என் கையால் அதைத் தூக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நீ இத்தனை தடவை தொடாதே என்று எழுதியிருக்காவிட்டால் இன்றைக்கும் பார்த்திருக்க மாட்டேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே படுத்து, டார்ச் அடித்தேன். முன்பக்கக் குறுக்குக் கம்பி இல்லை.

மோதின வேகத்தில் பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் ஆசையாகவும் இருந்தது. ஆனால் பிய்ந்த இரும்புக்கு ஒரு அடையாளம் இருக்கும், ரூடி. இங்கே சேஸிஸில் நாலு போல்ட்டும் அதனதன் துளையில் அழகாக முடுக்கி, கிரீஸ் தடவி இருக்கிறது. அதைச் செய்தது பாறை இல்லை.

பிறகு ஷாக்கைப் பார்த்தேன். பழையது மாதிரியே கறுப்புப் பெயின்ட். கீழ்ப் போல்ட்டைக் கழற்றிக் கையால் இழுத்தால் வெண்ணெய் மாதிரி நீளுகிறது, அமுக்கினால் அசைய மாட்டேன் என்கிறது. மூக்கை எழுப்புவதற்கென்றே பந்தயக்காரர்கள் போடுகிற சாமான். எதிராளி குனிந்து பார்த்தால் தெரியக் கூடாது என்று பெயின்ட் அடித்திருக்கிறாய். எதிராளிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்குக் காலையில் உன் கராஜ் வாசலில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்து, "என்னடா இது, முன்னாடி படகு மாதிரி ஆடுது?" என்று கேட்டேன். லோனி சீட்டில் உட்கார்ந்து மடியில் சாண்ட்விச் பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நீ என்ன சொன்னாய்? "டயர் புதுசு மாப்ளே, நூறு மைல் போனா சரியாயிடும்." கையை வேறு ஆட்டினாய்.

அஞ்சு மாசமாக உன் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோர்ட்டில் தலையைக் குனிந்தேன். உன் இரண்டு கடிதத்திலும் திட்டு வாங்கினேன், அதற்குத் தகுதியானவன் நான் என்று நினைத்துக்கொண்டு! கோபத்தில் எழுத்துக் கோணுகிறது, பரவாயில்லை, நீயே கஷ்டப்பட்டுப் படி.

நீ எதைக் கழற்றினாலும் வெள்ளை டேப் ஒட்டித் தேதி எழுதி வைப்பாய். அந்தக் கம்பியிலும் ஒட்டியிருப்பாய். உன் கராஜில் எந்த ஆணியில் தொங்குகிறது அது?

இனி எனக்கு எழுதாதே. லோனிக்கு எழுது. நீயே, உன் கையால்.

வெர்லின்


ஃப்ளின்ட்
16 மார்ச் 1987

மாப்பிள்ளை,

எழுதாதே என்றால் நான் எழுதாமல் இருப்பேனா? ஆமாம், கழற்றினேன். செப்டம்பர் கடைசிப் பந்தயத்துக்காகக் கழற்றினேன். திருப்பி மாட்டத்தான் இருந்தேன். வழக்கமாக அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை வருகிறவன் ஒரு வாரம் முந்தி வந்து நின்றால் நான் என்ன செய்ய? முந்தி வருகிறேன் என்று நீ எழுதியிருந்தாய், நானும் வா, பீர் வாங்கி வைக்கிறேன் என்று பதில் போட்டேன், சரி, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு பந்தயம் இருந்தது, நண்பனுடைய வண்டியில். உண்மையைச் சொல்லியிருந்தால் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போ என்பாய், அரை நாள் போய்விடும். நானூறு மைல் நேர் ரோடுதானே, கடைசி இருபது மைலை மலைக்காரன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். நீ மட்டும் என்ன? ஆடுகிறது என்று தெரிந்தவன் குனிந்து பார்க்க வேண்டாமா? காது போனால் கண்ணும் போய்விட்டதா?

லோனியிடம் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன். எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, அவள் ஒருத்திதான். புருஷனைப் பெண்கள் எப்படியும் மன்னித்துவிடுவார்கள், பக்கத்திலேயே இருக்கிறவன். நானூறு மைல் தள்ளி இருக்கிற அண்ணனை யார் மன்னிப்பார்கள்? இன்னும் கொஞ்ச நாள் உன்மேலேயே இருக்கட்டும்.

நீ கேட்டதெல்லாம் லாரியில் வருகிறது. கெட்டி ஸ்பிரிங், நல்ல ஷாக், முன்னும் பின்னும் தடிமனான கம்பி, புது ரப்பர் புஷ். மூக்கு எழும்பாவிட்டால் போகட்டும். வளைவுக்கே செய்துகொள்.

ரூடி


லாரல் ஃபோர்க்
5 ஏப்ரல் 1987

ரூடி,

உன் பெட்டி வந்தது. இரண்டு ஆள் தூக்கி வந்து முன்னறையில், லோனியின் சோபாவுக்கு எதிரே வைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், படி.

"என்ன அது?" என்றாள்.

"உன் அண்ணன் அனுப்பியிருக்கான். வண்டிக்கு ஸ்பிரிங்கு, கம்பி எல்லாம்."

பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது. "அவன் உசுரா வெச்சிருந்த வண்டிய நீ உடைச்ச. அதுக்கு அவன் சாமான் வாங்கி அனுப்புறான். அந்த மனசு உனக்கு வருமா?"

அவித்த பீன்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால், தன் தப்பை மறைக்க அண்ணன்மேல் பழி போடுகிறான் என்பாள். காட்ட என்னிடம் இருப்பது நாலு போல்ட்டும் உன் கடிதங்களும். ஒருத்தியின் அண்ணனை அவளிடம் கடிதத்தைக் காட்டிக் கொல்வதற்கு எனக்குக் கை வரவில்லை. அது உன் வேலை.

நீ அனுப்பியதெல்லாம் சரியான அளவு, நல்ல சரக்கு. நானே தேர்ந்தெடுத்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன். அதுதான் எனக்கு ஆத்திரம். வளைவுக்கு என்ன வேண்டும் என்று உனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஈஸ்டர் பத்தொன்பதாம் தேதி. அதுவரை பொறுக்கிறேன். அப்புறம் பெட்டியை அப்படியே திருப்பி அனுப்புவேன், வண்டியையும் அனுப்புவேன், உன் கடிதங்களை அவள் மடியில் போடுவேன். கை வருகிறதோ இல்லையோ.

வெர்லின்


லாரல் ஃபோர்க்
22 ஏப்ரல் 1987

அண்ணனுக்கு,

நீளமான பொட்டலம் ஒன்று ஈஸ்டருக்கு முந்தின நாள், லோனி என்று போடாமல் இலோனா என்று என் முழுப் பெயருக்கு வந்தது. நீ ரொட்டி அனுப்பியிருக்கிறாய் என்று தூக்கப் போனேன், தூக்க முடியவில்லை. பிரித்தால் வளைந்த இரும்புக் கம்பி. கடிதம் இருக்கும் என்று சுற்றியிருந்த செய்தித்தாளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. கம்பியில் ஒட்டியிருந்த டேப்பில் மட்டும் உன் எழுத்து: "செவெல், முன்பக்கம். கழற்றியது ரூடி. செப்டம்பர் 26, 86."

வெர்லினிடம் நீட்டி, இது என்ன என்று கேட்டேன். சொன்னான். கொட்டகையில் இருந்து உன் கடிதங்களை எடுத்து வந்து கொடுத்தான். எல்லாவற்றையும் படித்தேன். "உன்மேலேயே இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாய். நான் யாரை மன்னிப்பேன், யாரை மாட்டேன் என்று என்னைக் கேட்டா எழுதினாய்?

அவனையும் விடவில்லை. மார்ச் எட்டாம் தேதியிலிருந்து அவனுக்குத் தெரியும். ஆறு வாரம். என் முழங்கால் உடைந்த கதையை எனக்குச் சொல்லாமல் நீங்கள் இரண்டு ஆம்பளைகளும் எந்த ஸ்பிரிங் நல்லது என்று தபால் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அதை முகத்துக்கு நேராகச் சொன்னேன். காது கேட்கவில்லை என்ற பாசாங்கு வேண்டாம் என்று கத்தியே சொன்னேன்.

ஆனால் செய்யாத தப்புக்கு ஆறு மாசம் ஒருத்தனை வார்த்தையால் அறுத்திருக்கிறேன். அந்த வார்த்தைகளை நான் இப்போது எங்கே போய்ப் பொறுக்குவேன்? அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

மே மாசம் டிரெய்லர் வேண்டாம். பஸ்ஸில் வா. முதலில் கோர்ட்டுக்குப் போய், வெர்லின் பெயரில் வேகம் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தக் காகிதத்துக்கு முன்னால் நின்று நீ கழற்றியதைச் சொல். கேஸை மாற்றுவார்களோ மாட்டார்களோ, நீ சொல்ல வேண்டும். அப்புறம் கொட்டகைக்கு வா. முன் சக்கரத்தையும் தகட்டையும் வெர்லின் சரி பண்ணி வைப்பான். அதற்குமேல் ஸ்பானரைத் தொடமாட்டான். அவன் தொட நான் சம்மதிக்க மாட்டேன்.

எது போடுவது என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். பதினைந்து வருஷம் உங்கள் இரண்டு பேர் பேச்சைக் கேட்டவளுக்கு அது தெரியாதா? கெட்டி ஸ்பிரிங், புது ஷாக், பின்னால் புதுக் கம்பி. முன்னால் நீ அனுப்பின தடிமனான கம்பி வேண்டாம். கழற்றினாயே, அதே பழைய கம்பி. டேப்பைப் பிய்க்காமல் மாட்டு. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன்.

மாட்டி முடித்ததும் நீ ஓட்ட வேண்டும், பக்கத்தில் நான். அதே வளைவு, முள் முப்பத்தைந்தில். அன்றைக்கு அவன் போன வேகம் அதுதான் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், நான் நம்பவில்லை. கம்பி இருந்தால் அந்த வேகத்தில் வண்டி பாதையை விட்டு விலகாது என்று உனக்குத் தெரியும். அதை என் கண்ணுக்குக் காட்டிவிட்டு, அப்புறம் என்னிடம் என்ன கேட்க வேண்டுமோ கேள். வராவிட்டால் உனக்குத் தங்கை கிடையாது. இதற்குமேல் தபால் போடமாட்டேன்.

நேற்று மாடிப்படியில் ஏழு படி ஏறினேன். வெர்லின் ஓடி வந்து பின்னால் நின்றான். பிடிக்காதே என்றேன், பிடிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை. இன்னும் ஏழு இருக்கிறது.

இலோனா