அந்தக் கோளுக்குக் காற்று இருக்கிறது

மேதாவித் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சௌகரியம். நீ சௌகரியமாகத்தான் இருப்பாய், பத்திரிகைப் படத்தில் கன்னம் இரண்டும் உப்பிக் கிடக்கிறது. போனை எடுக்க மாட்டாய், மெயிலைத் திறக்க மாட்டாய். அதனால்தான் காகிதம். இதையாவது கிழிக்காமல் படி.

படத்துக்குக் கீழே நீ உதிர்த்திருந்த முத்தையும் படித்தேன். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றுகிற அந்தக் கோளுக்குக் காற்று மண்டலம் பரந்து கிடப்பதாக நான் சொன்னது வெறும் பிரமையாம். அக்காவுக்கு ஆசை அதிகம், கணக்கு குறைவாம். அடேயப்பா! வகுத்தல் கணக்கு வரவில்லை என்று என் மடியில் படுத்து அழுதவன் பேசுகிற பேச்சா இது? அம்மா அதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். நீ இருக்கிற ஊர்ப் பாஷை அவளுக்குத் தெரியாது, என்ன சொல்லியிருக்கிறான் என்று கேட்டாள். அக்காவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான் என்று சொல்லிவைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வேண்டா வெறுப்பாக அனுப்பினாயே உன் தொலைநோக்கிப் பதிவுகள், அவற்றை உட்கார்ந்து பார்த்தேன். கோள் நட்சத்திரத்தின் குறுக்கே போனால் ஒளி குறையும். ஹீலியம் உறிஞ்சும் அலைநீளத்தில் இன்னும் கூடுதலாகக் குறைந்தால், கோளைச் சுற்றிக் காற்று உப்பியிருக்கிறது என்று அர்த்தம். இது உனக்கும் தெரியும். ஒப்பிடுவதற்கு எதுவும் மறைக்காத வெறும் நட்சத்திர ஒளி வேண்டுமே, அதற்கு எதை எடுத்தாய்? கோள் விலகின கையோடு கிடைத்த ஒளியை! மக்குப் பயலே, கோள்தான் விலகியது. அதிலிருந்து கசிந்த ஹீலியம் பின்னாலேயே வாலாக நீண்டு, அப்போதும் நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டுதான் இருந்தது. சாமானைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, எடையே இல்லை என்று ஊரைக் கூட்டியிருக்கிறாய். கர்மம்!

கோள் வருவதற்கு முன் எடுத்த ஒளியும் உன்னிடமே இருக்கிறது. நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டித் தாழ இருந்தது, பதிவு சுத்தமில்லை என்று ஒதுக்கிவிட்டாய். மெனக்கெட்டால் சுத்தமாகும், நான் செய்தேன். அதை வைத்து ஒப்பிட்டால் காற்றும் தெரிகிறது, வாலும் தெரிகிறது. உன் மூளைக்கு ஒன்றும் குறைவில்லை, திமிரும் சோம்பேறித்தனமும்தான் அதை மூடிக்கொண்டிருக்கின்றன.

அடுத்த மாத ஆராய்ச்சிக் கூட்டத்தில் இதைத்தான் பேசப்போகிறேன். உன் வேலையை நிரந்தரமாக்குவது காற்றே இல்லை என்று நீ எழுதிய கட்டுரையை வைத்துத்தான் என்று உன் மனைவி போனில் அழுதாள். அவளுக்காக, இருக்கிற காற்றை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

அதற்குள் நீயே திருத்தி எழுதி அனுப்பிவிடு. பிழையை நீயாகவே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள், நான் வாய் திறக்க மாட்டேன். உன்னைத் திட்ட எனக்கு ஆயிரம் இருக்கிறது, வீட்டில் வைத்துத் திட்டிக்கொள்கிறேன். அத்தனை பேர் நடுவில் உன் முகம் தொங்குவதை மேடையில் நின்று பார்க்க மட்டும் என்னை வைத்துவிடாதேடா.

நன்றாக இரு.

உன் அக்கா