கைக்கெட்டும் மணி

மார்ச் 4

எட்டாம் வார்டு தலைமைச் செவிலியர் அவர்களுக்கு,

தங்கச்சி என்று எழுதக் கை வரவில்லை. திங்கள்கிழமை மதியம், தங்கள் வார்டில் சேர்த்திருந்த என் தகப்பனார் கழிப்பறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது பணியில் இருந்தது தாங்கள்தானாம். இருபத்திரண்டு வருட அனுபவம்! வீட்டில் விழாத மனிதர், பெற்ற மகள் காவலிருந்த இடத்தில் விழுந்தார். கட்டிலின் பக்கத் தடுப்புக் கம்பியை ஏன் ஏற்றி வைக்கவில்லை?

அம்மா போன அன்றும் 'டூட்டி' என்றீர்கள். பன்னிரண்டு வருடம் ஆகிறது. சாவுக்கு வரவிடாத டூட்டி, அப்பாவைப் பிடித்து நிறுத்தவாவது உதவியிருக்கலாம்.

எனக்குக் கல்லூரியில் தேர்வுப் பணி; பத்தாம் தேதிவரை நகர முடியாது. கூரியரில் விளக்கம் வர வேண்டும். இல்லையென்றால் கண்காணிப்பாளருக்குப் புகார் போகும்.

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. சாப்பிடுகிறாரா?

— அவருடைய மகன்

மார்ச் 6

அண்ணா,

சாப்பிடுகிறார். நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதலில் மூச்சு விடு, பிறகு திட்டலாம்.

கம்பியை ஏற்றினால் வயசானவர்கள் அதன் மேல் ஏறி இறங்கப் பார்ப்பார்கள். விழுகிற உயரம்தான் கூடும். நான் பார்த்தவரை, விழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கழிப்பறைக்குத் தனியாகக் கிளம்பியவர்கள். எங்களைக் கூப்பிடும் மணி கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கும். "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று அழுத்தமாட்டார்கள். முப்பது கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர். நான் கவனித்திருக்க வேண்டும், மறுக்கவில்லை.

ஆனால் அப்பா கூச்சப்பட்டு அழுத்தாமல் இருக்கவில்லை. கூட இருந்த நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். மணி அடித்தால் நான்தான் வருவேன் என்று அரை மணி நேரம் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். தரையில் கிடந்தபடி என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணன்கிட்ட சொல்லிடாதம்மா. உன் கையை எதிர்பார்க்கமாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்."

இப்போதும் அழுத்துவதில்லை. இன்று காலை ஒரு காலைக் கீழே இறக்கிவிட்டார். எதிர்க் கட்டில்காரர் கத்தியதால் ஓடிப்போய்ப் பிடித்தேன். இன்னொரு தடவை விழுந்தால் தாங்கமாட்டார். போனில் சொன்னால் அவர் காதில் விழாது. உன் கையெழுத்தில் ரெண்டு வரி அனுப்பு. என்னை மன்னிக்க வேண்டாம். அந்தச் சத்தியத்திலிருந்து அவரை விட்டுவிடு.

— தங்கச்சி

மார்ச் 7

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைத் தேர்வு அறையிலேயே பிரித்தேன். பின்வரிசையில் ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டு மூன்று முறை கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை.

சத்தியம் வாங்கியது உண்மை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவர் கையைப் பிடித்து வாங்கினேன். இதை இத்தனை ஒழுங்காகக் காப்பாற்றுவார் என்று யார் கண்டார்கள்? எனக்குக் கொடுத்த வேறு எந்த வாக்கைக் காப்பாற்றினார்?

அம்மா விஷயம் எனக்கு ஆறவில்லை. ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். புகாருக்கு எடுத்து வைத்த தாளில் அவருக்கு எழுதி, இதோடு வைத்திருக்கிறேன். பெரிய எழுத்து, கண்ணாடி இல்லாமலே படிப்பார்:

"அப்பா, மணியை அழுத்துங்கள். அவள் வருவாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். சத்தியம் வேண்டாம், நானே திருப்பி எடுத்துக்கொண்டேன்."

மணிக்குப் பக்கத்திலேயே ஒட்டு. அவர் அழுத்தியதும் எனக்கு ஒரு போன் பண்ணு. டூட்டியில் இருந்தாலும் எடுப்பேன்.

— அண்ணன்