மச்சாளின் கிணற்றை ஆழமாக்க வந்தவர்கள்

மச்சாள்,

இன்று காலைத் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை முற்றத்தில் ஊற்றினேன். பவுசர் லொறியில் வந்த தண்ணீர். குளோரின் மணம் தேயிலையையும் சீனியையும் தாண்டி மூக்கில் ஏறியது. நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பவுசர்க்காரனை ஒழுங்கை முனையிலேயே மறித்து, "தம்பி, இதை நீர் குடிப்பீரோ?" என்று கேட்டிருப்பீர்கள். எனக்கு அதற்கும் தெம்பில்லை. நீங்கள் போனபின் வந்த முதல் வெயில்காலம் இது. மாரி மழையும் ஏமாற்றிவிட்டது. நிலாவெளிப் பக்கத்து எங்கள் ஒழுங்கையில் நல்ல தண்ணீர் மிச்சமிருப்பது உங்கள் கிணற்றில் மட்டும்தான். அதைக் காப்பாற்றும் தலையிடியை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

விடியற்காலையில் வாளியால் அள்ள வேண்டும். வெயில் ஏறியதும் பலகையால் மூட வேண்டும். பொழுது சாயும்வரை யாரும் கிட்டப் போகக்கூடாது. மோட்டர் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. "கிணறு ஆறட்டும்" என்பீர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பதுபோல அதற்குப் பார்த்தீர்கள். மணலுக்குள் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாகத்தான் நிற்கிறது, கீழே முழுக்க உப்பு, அவசரப்பட்டு இழுத்தால் உப்பு ஏறிவிடும் என்று எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்! கேட்டார்களா? முந்திய வறட்சியில் மூலை வீட்டார் தங்கள் கிணற்றை ஆழமாக்கினார்கள். வேலியில் நின்று மன்றாடினீர்கள். எங்களுக்குத் தண்ணீர் கூடுவது உங்களுக்கு எரிச்சல் என்றார்கள். தண்ணீர் பொங்கித்தான் வந்தது. கொஞ்ச நாளில் அதில் சவர்க்காரமும் நுரைக்கவில்லை, மிளகாய்க் கன்றுகளும் கருகின. பிறகு வாளியோடு உங்கள் படலைக்குத்தான் வந்தார்கள். நன்றாக ஏசிவிட்டுத்தான் அள்ள விட்டீர்கள்.

போன கிழமை வறட்சியைச் சமாளிப்பது பற்றி ஒரு கூட்டம் என்று என்னையும் கூப்பிட்டார்கள். எங்கே தெரியுமா? கடற்கரை ஹோட்டலில். ஜன்னலுக்கு வெளியே நீச்சல் குளம் நீலமாகத் தளும்புகிறது, உள்ளே ஆளுக்கொரு போத்தல் தண்ணீரைக் கையில் தந்துவிட்டு நிலத்தடி நீரைச் சிக்கனமாகப் பாவிக்கச் சொல்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பேசாமல் இருந்தேன். உங்களால் அங்கே பேசாமல் இருந்திருக்க ஏலாது.

சரி, அவர்கள் ஊராட்கள். வீட்டாட்களுக்கு என்ன வந்தது? நேற்றுக் காலை உங்கள் வளவுக்குப் போனால் கொங்கிரீட் வளையங்கள் இறக்கிக் கிடக்கின்றன. அலவாங்கும் கயிறுமாக இரண்டு பேர் மாமர நிழலில் வெற்றிலை போடுகிறார்கள். கிணற்றை ஆழமாக்க ஆள் பிடித்திருப்பது வேறு யாருமில்லை, என் அண்ணன். உங்கள் கணவர். கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்கள் கிணற்றுக் கதையைக் கேட்டுக்கேட்டுக் காது புளித்த மனுசன்!

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. மூலை வீட்டுக் கிணற்றைக் காட்டிக் கத்தினேன். எல்லாம் தெரியும் என்கிறார். தெரிந்துகொண்டு எதற்கு என்றால், அவள் இருக்கும்போது ஒருவரும் அரைவாளியோடு திரும்பிப் போனதில்லை, இப்போது போகிறார்கள் என்கிறார். மழை இல்லாததற்கு நீங்களும் நானும் என்ன செய்வது? வளையத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கிணற்றுக்குள் இறங்குவதென்றால் என்னைத் தூக்கி எறிந்துவிட்டு இறங்கட்டும் என்றேன். வந்தவர்களுக்கு நல்ல கூத்து, வெற்றிலையை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் திரும்பக் கத்தவில்லை. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஆஸ்பத்திரியில கடைசியா அவள் எங்கட கிணத்துத் தண்ணி ஒரு வாய் கேட்டவள். நான் கடையில போத்தில் வாங்கிக் குடுத்தனான். வாயில வச்சிட்டுத் துப்பிப்போட்டாள். இந்தக் கிணறு வத்தினா நான் என்னெண்டு உயிரோட இருக்கிறது?"

இதை இத்தனை மாதமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. அறுபது வயதைத் தாண்டிய மனுசன், கூலிக்கு வந்தவர்களுக்கு முன்னால் தோள் குலுங்க அழுதார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவ தண்ணி கேக்கேல்ல அண்ணா. வீட்டுக்கு வரத்தான் கேட்டவ."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழும்பி, அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பும்படி என்னிடம் சொன்னார். வளையங்களைப் பின்னேரம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிணறு தப்பியது. இன்று விடியற்காலையும் வழமைபோல அள்ள வந்தவர்களோடு வாளிக்குச் சண்டைதான், கத்திக்கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அண்ணன் நான் சொன்னதை நம்பிவிட்டார், மச்சாள். இரவு கொஞ்சம் நித்திரையும் கொண்டார். எனக்குத்தான் நித்திரை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நீங்கள் கேட்டது வெறும் தண்ணீரைத்தானோ? தாகத்தோடுதான் போனீர்களோ?