தேசப்பன் முகம்

தை 8, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணி வரை படகெல்லாம் ஈரம், பெயின்ட் ஒட்டாது. கடலுக்குப் போகவில்லை.

வாங்க வேண்டியது: கறுப்பு எனாமல் சின்ன டப்பா, டர்பன்டைன், பழைய துணி.

வெள்ளிக்கிழமை அஞ்சலையின் புதுப் படகு இறங்குகிறது. அவள் தம்பி ஓட்டப்போகிறான். முன்பக்கம் அவள் புருஷன் முகம் வேண்டுமாம். தேசப்பன் என் கூட்டாளி. கார்த்திகையில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவன். மூன்றாம் நாள் கரை ஒதுங்கிய உடலைத் தூக்கி வந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

எனக்கு எழுத்துதான் வரும். குப்பத்தில் பாதிப் படகுகளில் பெயர் எழுதியது நான். முகம் வராது. அவளிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

தை 9, புதன்

பார்த்து வரைய அஞ்சலை கொடுத்தது அவன் ஆதார் அட்டை நகல். அதில் இருப்பது யாரோ. மூன்று முறை வரைந்து, மூன்று முறை துடைத்தேன். டர்பன்டைன் காலி.

வலை பிரித்துக்கொண்டிருந்தவன் ஒருவன்: "இன்னாபா, தேசப்பனா இது? போலீஸ்காரன் மாரி கீறான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

என் வீட்டுக்காரி: "வராதுன்னு சொல்லிட்டு வாய்யா. பொன்னேரில ஆளு கீறாங்க."

நியாயம்தான். நாற்பத்திரண்டு வயசில் எதற்கு இந்த ஆசை? ஆனால் ஆசைதான். வேறு ஆள் வந்து வரைந்தால் எனக்கு ஆறாது.

தை 10, வியாழன்

மத்தியானம் முடித்தேன். முதல் தடவையாகக் கை தானாக ஓடியது. ஆதார் நகலைப் பார்க்கவே இல்லை. இன்று யாரும் சிரிக்கவில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மடையன்.

சாயங்காலம் அஞ்சலை வந்தாள்.

"கன்னம் ஏண்ணா இப்டி உப்பிகீது?"

நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன்.

"நீங்க தூக்கினு வந்த மொகத்த போட்டு வச்சிகிறீங்க. அத நானு ஒரு நிமிசந்தான் பாத்தேன். பதினாறு வருசம் பாத்தது வேற."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இமை, உதடு, எல்லாம் அன்றைக்குப் பார்த்தவை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். துடைக்கும்போது அழுதேன். பிரஷ்ஷைத் தண்ணீரில் எறியப் போனேன். எறியவில்லை, இருப்பது ஒன்றுதான்.

தை 11, வெள்ளி

பூசை பத்தரைக்குள். ஏழு மணிக்குப் பனியைத் துணியால் ஒற்றி எடுத்தேன். அஞ்சலை வந்து மணலில் உட்கார்ந்தாள்.

கேட்டேவிட்டேன். "உசுரோட எப்டி இருப்பான், சொல்லும்மா. எனுக்கு மறந்துபோச்சி." கேட்க வெட்கமாக இருந்தது.

சொன்னாள். பொய் சொன்னால் இடது கண் சுருங்கும். மீசை ஒரு பக்கம் தூக்கல். யார் புத்தி சொன்னாலும் தாடையைத் தூக்கிக்கொள்வான். அவள் சொல்லச் சொல்லப் போட்டேன். சரியாக வருகிறதா என்று யோசிக்க நேரமில்லை. ஒரு காது பெரிசாகிவிட்டது.

ஒன்பதரை. எழுந்து படத்துக்குக் கிட்டே போனாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கி அவ்ளோ சொன்னேனே, காத்து சரியில்ல, போவாதன்னு. கேட்டியாய்யா நீ? இப்ப நின்னு மொறைக்கற."

பூசாரி அவசரப்படுத்தினார். அவள் அவனைத் திட்டுவதை நிறுத்தவில்லை.