கிணற்று மேட்டு ஆவாரை

என் பிரியமான மாமாவுக்கு,

நீங்கள் கிணற்று மேட்டில் விதைத்த ஆவாரை இந்த மார்கழியில் பூத்துவிட்டது. விதையை வெந்நீரில் ஊறப்போட்டீர்களே, ஆடுகூடக் கடிக்காத செடிக்கு இத்தனை மெனக்கெடலா என்று எருமப்பட்டியே சிரித்ததே, அதே செடிதான். சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கிறது. தேனீயும் கருவண்டும் வேறு போக்கிடமில்லாமல் இங்கேதான் மொய்க்கின்றன. நம் பூசணியும் நன்றாகக் காய் பிடித்திருக்கிறது. ஒரு பூவையாவது பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

இனி உங்கள் அருமைத் தம்பியின் சமாசாரம். உங்கள் கருமாதிச் சோறு செரிப்பதற்குள் தோல் மண்டித் தரகனோடு வந்து நின்றார். வெள்ளைக்காரன் சண்டைக்குப் போகும் சிப்பாய்களுக்குப் பூட்சு வேண்டுமாம், தோல் பதனிட ஆவாரம்பட்டைக்கு ஏக கிராக்கியாம். நம் மேட்டுச் செடியைத் தர முடியாது என்றேன். அவர் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, வரப்பு, ஏரிக்கரை என்று ஒரு குச்சி விடாமல் உரித்து வண்டியேற்றினார். மகா கெட்டிக்காரர்.

பிறகு அவர் தோட்டத்துப் பூசணியில் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தது. வண்டு வராத பூ எப்படிக் காய்க்கும்? நம் எருமையைக் கேட்டால்கூடச் சொல்லும். அவர் திருஷ்டிப் பானை கட்டினார், சேவல் அறுத்தார். அதற்கும் மசியாமல் போகவே, தாலியறுத்தவள் காலையில் எதிரே வந்ததுதான் காரணம் என்று சந்தையில் நின்று சொன்னாராம். அழுதேன் மாமா. இந்த ஆளுக்காக அழுவது கேவலம் என்று தெரிந்தும் அழுதேன்.

நேற்று பொங்கலுக்கு வாசலில் பூவும் இலையும் சொருகிக் காப்புக் கட்டும் நாள். வேப்பிலை கிடைத்தது, பூளைப்பூ கிடைத்தது. ஆவாரம்பூதான் ஊரில் எங்கும் இல்லை. சாயங்காலம் அந்த மகாராசர் நம் வேலியோரம் வந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டுப் பேசினார்.

“நங்கையா, காப்புக்கு ரண்டு கொத்துப் பூ வேணுமுங்க. எம்பட ஊட்டுல இருந்து ஆளனுப்பறனுங்க, பறிச்சுக்கட்டும்.”

“செடியை யாரும் தொடக்கூடாதுங்க. எங்கையால பறிச்சுத் தாரேன். வாங்கிக்கறதுன்னா நில்லுங்க.”

நின்றார். அவர் பின்னால் பாதி ஊர் கூடையோடு நின்றது. முதலில் கை நீட்டியவர் உங்கள் தம்பிதான். இன்று பொங்கல், மாமா. நான் தொட்டுக் கொடுத்த பூ சொருகாத வாசல் இந்த ஊரில் ஒன்றுகூட இல்லை.

வண்டுகளுக்கென்று பாதிப் பூவை விட்டுவைத்திருக்கிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை எந்தத் தரகனும் அந்த மேட்டில் கால் வைக்க மாட்டான். இது சத்தியம்.

உங்கள் அத்தை மகள், உங்களைக் கட்டியவள்.