ஆசாவுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவள்

ஹேசல் ஃபோர்க்
அக்டோபர் 20, ஞாயிறு மதியம்

என் மகள் திர்சாவுக்கு அம்மா எழுதுவது. உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளைகள் மூன்று பேரையும் கர்த்தர் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பார் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, நீ என்னோடு பேசிப் பதினோரு மாதம் ஆகிறது. நான் நடமாட்டமாக இருக்கிறேன். முட்டிவலி கூடவும் இல்லை குறையவும் இல்லை. இந்த வருடம் தக்காளி கொட்டிக் காய்த்தது, நாற்பத்தொரு ஜாடி வேகவைத்து மூடி நிலவறையில் அடுக்கியிருக்கிறேன், யார் சாப்பிட என்று கேட்காதே, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கோழியில் ஐந்துதான் மிச்சம், மற்றதை நரி கொண்டுபோய்விட்டது. உன் தம்பி ஆசா சனிக்கிழமைதோறும் வந்து விறகு பிளந்து போட்டுவிட்டுப் போகிறான், இருந்து சாப்பிடுடா என்றால் ரோடு வேலைக்கு நேரமாச்சு என்கிறான், சனிக்கிழமை என்ன ரோடு வேலை என்று நான் கேட்பதில்லை. உன் அப்பா போன பிறகு சாப்பாட்டு மேசையில் ஜெபம் சொல்லி முடித்துவிட்டு, யாராவது ஆமென் சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் அப்படியே இருப்பேன். பிறகு நானே சொல்லிக்கொள்வேன்.

பேரன் மீகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாயாம், ஆசாதான் சொன்னான். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. "செப்டம்பர்லேர்ந்து போறான்மா, அவ்வளவுதான். இதுக்கு மேல நான் வாயத் தொறந்தா புதன்கிழமை ஜெபத்துல வந்துடும்" என்றான். பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா அது. ஆனால் கோடாரியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்காமல் சொன்னான்.

போன நவம்பர் நடந்ததைப் பற்றி உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டிலும் அன்பினால்தான் சொன்னேன், ஜெபத்துக்காகத்தான் சொன்னேன் என்று எழுதியிருந்தேன், நீ பதில் போடவில்லை, போடாதது சரிதான், இரண்டும் பொய்க் கடிதம். இது மூன்றாவது. இதை மெதுவாகப் படி, என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், அவசரப்பட்டால் விளங்காது.

நீ போன் பண்ணியது பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை, நான் பீன்ஸ் அடுப்பில் வைத்திருந்தேன், அது அடிப்பிடித்துப் போகும் வரை பேசினாய். வீட்டிலேயே வைத்து நீ சொல்லிக்கொடுத்தும் மீகாவுக்கு ஒன்பது வயசாகியும் வாசிக்க வரவில்லை என்றாய், காலையில் புத்தகத்தைத் திறந்தால் அவனும் அழுகிறான் நானும் போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன் என்றாய். பிறகு ஒன்று கேட்டாய். "அம்மா, நீங்க எட்டாவது படிச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் வீட்லயே வச்சுப் படிக்க வச்சீங்க. நான் காலேஜ் முடிச்சவ. எனக்கு மட்டும் ஏம்மா வரல? எங்கிட்ட என்ன கோளாறு?" ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. ஜெபம் பண்ணு, விடிகாலையில் எழுந்திரு, கர்த்தர் பெலன் தருவார் என்றேன். யாரிடமும் சொல்லாதீங்க என்று நீ கேட்டுக்கொண்டாய், சரி என்றேன்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் கையைத் தூக்கி, சொல்லாத விண்ணப்பம் ஒன்று என்றேன். அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன ஏது என்று யாரும் கேட்காமல் தலையைக் குனிந்து ஜெபிப்பதுதானே அதன் முறை, நம் சபையில் இருக்கிற ஒரே மரியாதை அதுதான். ஆனால் போதகர் மனைவி நடீன் தலையைக் குனிவாளா. "என்ன ஆர்லீன், முட்டியா, இல்ல பிள்ளைங்க விஷயமா? ஒம் மூஞ்சே சரியில்லயே" என்று கேட்டாள். திர்சா, உன் அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்டதில்லை. பதினாறு பேர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். நான் பேச ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. மீகா, புத்தகம், பாத்ரூம் கதவு, பள்ளிக்கூடத்தில் விடப்போகிறேன் என்று நீ சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரா என் தோளில் கை வைத்தாள். அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது, அதற்காக இன்னும் கொஞ்சம் சொன்னேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். வியாழன் மத்தியானத்துக்குள் ஜெபச் சங்கிலியில் வீடுவீடாகப் போன் போனது, கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நீ புருஷனையே விட்டுவிட்டாய் என்று ஆகிவிட்டது. பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை உனக்கு வந்தது, அதற்குள் பொதுப் பள்ளிக்கூடங்களின் ஆபத்து பற்றி யாரோ ஒரு துண்டுப் பிரசுரத்தையும் செருகி வைத்தார்களாம், அது நான் இல்லை, அதை மட்டும் நம்பு. "அம்மா, எங்க வீட்டு பாத்ரூம்ல நான் அழுதது லோராவுக்கு எப்படித் தெரியும்? இனிமே எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தாய். வைக்கிறேன் என்று சொல்லாமல் வைத்தாய், அது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது, மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதம். தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து சபைச் சாப்பாடு. பிள்ளைகளை உலகத்தாரிடம் விடாதீர்கள் என்று போதகர் அந்த வருடம் முழுக்கப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார், ஏழெட்டு வீட்டில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள், உன்னை நான் முதலிலிருந்தே அனுப்பவில்லை. கேக் வைத்த மேசைக்குப் பக்கத்தில் நின்று நடீன் சொல்கிறாள், நான் காதில் வாங்குவேன் என்று தெரிந்தே சொல்கிறாள், "எட்டாவதோட நின்னவ எதை வச்சுச் சொல்லிக்கொடுப்பா? பொண்ணு ஒம்பதாவதுக்கு வந்தா ரெண்டு பேரும் சேந்து புதுசாப் படிப்பாங்களோ?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன், அதில் மூன்று பேர் செத்துப்போய்விட்டார்கள், அவர்களை மட்டும் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து இன்று வரை சபைச் சாப்பாட்டுக்கு நடீன் கொண்டுவரும் நூடுல்ஸில் நான் கரண்டி வைத்ததில்லை. அன்றைக்கு இராத்திரி உன் அப்பாவிடம், என் பிள்ளைகள் அவள் பிள்ளைகளை விட நன்றாக வாசிக்கும், பாருங்கள் என்றேன். வைராக்கியம்தான், வேறு ஒன்றுமில்லை. ரொட்டி சுட்டால் அதைக் கணக்குப் பாடம் என்று எழுதி வைத்தேன், கோழிக் கூடு கழுவினால் அறிவியல்.

அந்த நவம்பரில்தான் ஹன்னா பிறந்தாள், பிறக்கும்போதே மூச்சில்லை. எட்டும் பத்தும் பெற்றவர்கள் நிறைந்த சபையில் எனக்கு அதற்கு மேல் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான், மார்ச் மாதம் வரை எழுந்திருக்கவில்லை. உன் அப்பா விடியும் முன் மர மில்லுக்குப் போய்விடுவார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று உங்களுக்குச் சொன்னோம். நான்கு மாதம் அந்த வீட்டில் நான் ஒரு புத்தகத்தைத் திறக்கவில்லை. உனக்குப் பத்து வயசு கூட நிறையவில்லை, ஆசாவுக்கு ஏழு. நான் தூங்குகிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள், நான் தூங்கவில்லை, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். நீ விதைக் கம்பெனிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயின் படத்துக்குக் கீழேயும் விரலை வைத்து அவனை எழுத்துக்கூட்ட வைத்தாய். முள்ளங்கி, பூசணி, வெங்காயம். அது முடிந்து பேக்கிங் பவுடர் டப்பா, அதற்குப் பிறகு வேதாகமத்தில் சங்கீதப் புத்தகம். ஒருநாள் அவன் ஆட்டம் போட்டான், "ஒழுங்கா உக்காருடா, அம்மா இருந்தா இப்படி உக்காருவியா?" என்று அதட்டினாய். "அம்மாதான் இருக்காங்களே, செவுத்துக்கு அந்தப் பக்கம்" என்றான். நீ பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அவங்க லீவுல இருக்காங்க. ஸ்கூல்ல டீச்சர் வரலன்னா வேற டீச்சர் வருவாங்களாம், அது நான்தான். படி" என்றாய். அப்போதாவது நான் எழுந்து வந்திருக்க வேண்டும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மே மாதம் அன்னையர் தினத்துக்கு ஆசா சபையின் முன் நின்று நூற்று இருபத்தோராம் சங்கீதத்தை ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தான். போதகர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார், துக்கத்தின் நடுவிலும் பிள்ளையைப் படிக்க வைத்த தாய் என்று சொல்லி ஒரு ஜெரானியம் பூந்தொட்டியைக் கையில் கொடுத்தார், சபையே எழுந்து நின்று கை தட்டியது, நடீன் கடைசியாகத் தட்டினாள், அதையும் பார்த்தேன். நீ மூன்றாவது பெஞ்சில் நின்று தட்டினாய். மற்ற எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினாய். அந்த இடத்தில் உன் பெயரை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைப் பார்த்து இன்னும் நாலு தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டார்கள், ஆர்லீனால் முடியுமென்றால் நமக்கென்ன என்று. முப்பத்திரண்டு வருடம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் நான் அந்தச் சபையில் தலை நிமிர்ந்து நடந்தேன். நீ செய்ததை டீச்சர் விளையாட்டு என்று நினைத்து நீயும் அதை நம்பினாய். அம்மாவால் முடிந்தது என்று நினைத்துத்தான் அங்கே ஆரிகனில் அந்தப் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதிருக்கிறாய். திர்சா, என்னால் முடியவில்லை. உன்னிடம் ஒரு கோளாறும் இல்லை. நீ கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது இது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை எழுதக் கை வரவில்லை, முடியவில்லை அம்மா என்று நீ சொன்னபோது எனக்குள் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. நான் மட்டும் இல்லை என்று. பெற்றவளுக்கு வரக் கூடாத நிம்மதி.

போன புதன்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றேன். இப்போதெல்லாம் பதினோரு பேர்தான் வருகிறோம், இளசுகள் எல்லாம் டவுனில் டிரம்ஸ் அடிக்கிற பெரிய சபைக்குப் போய்விட்டன. சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். ஆசாவுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, என் மகள் திர்சா, அவளுக்கு அப்போது ஒன்பது வயசு, நான் கட்டிலில் கிடந்தேன், நீங்கள் கை தட்டியது தப்பான ஆளுக்கு என்று சொன்னேன். அவள் வீட்டு விஷயத்தை இங்கே கொண்டுவந்து கொட்டியதும் தப்பு, இனி அவள் பெயரை ஜெபப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள் என்றேன். காது கேட்காத ஓட்டிஸ் தாத்தா "யாரு போயிட்டாங்க?" என்று பக்கத்தில் கேட்டார். நடீன், "சிஸ்டர், அதெல்லாம் முப்பது வருஷக் கதை, இப்ப எதுக்கு அதக் கெளறுறீங்க?" என்றாள். நீ கேக் மேசைகிட்ட சொன்னதும் முப்பது வருஷக் கதைதான் நடீன், நான் விட்டேனா என்றேன். கர்த்தரின் வீட்டில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, ஆனால் மனசுக்கு நன்றாக இருந்தது.

காப்பி குடிக்கும்போது என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. லோரா கூட ஜன்னல் பக்கம் போய்விட்டாள். வெளியே வந்து காரில் ஏறியபோது சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள், பத்து நிமிஷம் நின்று அழுதாள், என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று உனக்கு எழுத மாட்டேன், ஆள் யார் என்றும் எழுத மாட்டேன். பழகிக்கொண்டிருக்கிறேன்.

மீகா பள்ளிக்கூடம் போவதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், கொஞ்சம் இருக்கிறது, அது என் பாடு. அவனுக்கு வாசிக்க வருகிறதா, டீச்சர் அதட்டாதவளா, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், இதெல்லாம் கேட்க ஆசையாக இருக்கிறது. ஆசாவிடம் கேட்க மாட்டேன். நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாவிட்டாலும் உன் மேல் குறை வைக்க மாட்டேன், முயற்சி பண்ணுகிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் அடுப்பும் உன் படுக்கையும் சமாதானமாக இருக்கட்டும், பிள்ளைகள் மூன்று பேரின் தலையிலும் என் கை இருக்கிறது என்று சொல், மாப்பிள்ளைக்கு என் அன்பு. ஒன்றை மறந்துவிடாதே, குளிர் வருகிறது, மீகாவின் கோட்டில் கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் அழியாத மையில் அவன் பெயரை எழுது. பள்ளிக்கூடத்தில் முப்பது கோட்டு ஒரே சுவரில் தொங்கும். நம் வீட்டில் எது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் உனக்கு இது தோன்றாது. மூன்றாம் வகுப்பில் என் நீலக் கோட்டு அப்படித்தான் போனது, அந்தக் குளிர்காலம் முழுவதும் அண்ணனுடைய கோட்டைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு போனேன். எடுத்தவள் யார் என்று எனக்குத் தெரியும், அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். பெயரை எழுத மாட்டேன். நீ போன் பண்ணினால் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆர்லீன்